பெரியவர்கள் நீந்தும் நேரம்

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் வரவில்லை. வெளியே அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"தவளை, கதவத் திறம்மா. மாஸ்டர் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு," என்றார் அப்பா.

"தவளைன்னு கூப்பிடாதீங்க. நான் இனிமே நீந்த மாட்டேன்."

அப்பா திடுக்கிட்டார். நடை பழகும் முன்பே வாளித் தண்ணீரில் காலை உதைத்து வீட்டையே நனைத்த குழந்தைக்கு அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். பன்னிரண்டு வயதாகியும் அதற்கு அவள் முகம் சுளித்ததில்லை. கிளப்பின் ரிலே அணியில் கடைசி ஆளாகப் பாயும் இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். கற்றுக்கொள்பவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு தயாராக இருப்பது அந்தத் தொழில். வீட்டிலும் எது நகர்ந்தாலும் அவருக்கு முதலில் கால் அங்கேதான் போகும். "சரி விடு. இன்னைக்கு ஒரு நாள் லீவு. இத யாரும் பெரிசு பண்ண வேணாம்," என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து கதவின் கீழ் இடுக்கருகே குனிந்தாள். "உள்ள யாரும் வரல. நீ அங்க இருந்தே சொல்லு. என்ன ஆச்சு?"

உள்ளே தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்தது, திறக்கவில்லை.

"சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஆளு. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். முழுப் பேரு."

"தெரிஞ்சவங்களா?"

"இல்ல. 'உன் வீடியோ எல்லாம் பாத்திருக்கேன், திரும்பறப்பதான் நீ கொஞ்சம் லேட்டு'ன்னான். என் ஸ்கூல் பேரு சொன்னான். 'புதன்கிழமையும் ரெண்டாவது கேட் வழியாத்தானே வருவே, வண்டில கொண்டு விடறேன்'னான்."

"நீ என்ன பண்ணே?"

"ஓடிட்டேன்."

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அத்தைக்கு மட்டும் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. அப்பாவின் அக்கா அவள், மாடியில் குடியிருந்தாள், எந்தத் தொல்லைக்கும் தீர்வைக் கையோடு கொண்டுவந்துதான் படியிறங்குவாள்.

"இதுக்குத்தான் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். பொட்டப் புள்ளைக்கு எதுக்கு நாலு பேரு பாக்க நீச்சல்? நிறுத்துங்க. வீட்டோட இருக்கட்டும்."

"அண்ணி, வழி மறிச்சவன் அவன். வீட்டோட இருக்கணும்னா அவன்ல இருக்கணும்? இவ எதுக்கு?"

"அவன் வீடு எங்கன்னு உனக்குத் தெரியுமா? இவ வீடுதானே தெரியும்!"

யாரைப் பிடிக்க முடிகிறதோ அவரைக் கட்டிப்போடுவது என்ற நியாயம் மிகவும் பழையது. அதனால் அதற்கு வேகம் அதிகம்.

அன்று மாலை காவல் நிலையத்துக்கும் போனார்கள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டான்ங்கறதுக்கு நான் என்னன்னு கேஸ் போட? அந்தப் பக்கம் ஆளு ரோந்து வரச் சொல்றேன்," என்றார் அங்கே இருந்தவர். பிறகு அக்கறையோடு, "பாப்பாவ தனியா அனுப்பாதீங்க," என்றார்.

அம்மாவுக்குப் பார்சல் நிலையத்தில் வேலை. ஓடும் கன்வேயர் பட்டையில் வரும் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் பிரிவு. கிளப்பில் அவளுக்குப் 'பார்சல் அக்கா' என்றே பெயர். ஒரு பொட்டலம் போய்ச் சேர மூன்று விஷயம் போதும்: ஆள் யார், எங்கே இருப்பார், எப்போது இருப்பார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொட்டலம் மூலையில் கிடக்கும். மூன்றும் இருந்தால், வாழ்நாளில் அந்தத் தெருவையே பார்த்திராத ஒருவன் வந்து சரியாக வாசலில் நிற்பான்.

அவள் கிளப்பின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். இதுவரை மகள் படம் வந்தால் இதயக்குறி போட்டு மூடிவிடுவாள், எழுதியிருப்பதைப் படித்ததில்லை. இன்று படித்தாள். நீச்சலுடையில் நனைந்து நிற்கும் தவளை. அதன் கீழே முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, "திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் நமது குளத்தில் (இரண்டாம் வாசல்) பயிற்சி பெறுகிறார்." மூன்றும் இருந்தன. கிளப் தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அச்சுப் பிசகாமல் விலாசம் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

பொட்டலத்துக்கும் படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொட்டலத்தை அனுப்பிவிட்டால் அனுப்பியவர் கையில் அது இருக்காது. தவறான இடத்துக்குப் போனால் திரும்ப வாங்கலாம். படம் அப்படியில்லை. அனுப்பியவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும், பெற்றவர் தள்ளிவிட்டவரிடமும் இருக்கும். எத்தனை கைகளுக்குப் போனதோ அத்தனை படங்கள். எதைத் திரும்ப வாங்குவது?

அடுத்த ஞாயிறு கிளப் அலுவலகத்தில் பெற்றோர் கூட்டம். அம்மா கேட்டுக்கொண்டதால் கூடியது. தலைவர் நடுநாற்காலியில் இருந்தார். ஊரில் தரை ஓடு, டைல்ஸ் விற்கும் பெரிய கடை அவருடையது. குளத்தின் அடித்தளம் பளபளப்பதே அவர் கொடுத்த ஓடுகளால்தான். அவர் பக்கத்தில் ஃப்ளாஷ் அண்ணன், கழுத்தில் கேமரா, மடியில் கைக்குழந்தைபோல நீண்ட லென்ஸ்.

ஃப்ளாஷ் அண்ணன் கெட்டவர் இல்லை. பகலில் மருந்துக் கம்பெனிப் பையோடு டாக்டர் வீடுகளின் வாசலில் தவம் கிடப்பவர். மாலையில் கேமராவோடு குளத்துக்கு வந்தால்தான் மனிதராவார். ஒரு பைசா வாங்க மாட்டார். அந்த லென்ஸின் வேலையே தூரத்தைச் சாப்பிடுவது. குளத்தின் இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் இருக்கும் பிள்ளையின் இமையில் தொங்கும் நீர்த்துளி தெரியும். பிள்ளைக்கோ, தன்னை ஒருவர் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார் என்பதே தெரியாது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வரிசையாகப் பல படங்கள் விழும். நல்ல படத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு நேரமில்லாததால் எல்லாவற்றையும் கிளப்பின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுவார்.

அம்மா நடந்ததைச் சொன்னாள். தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஆனா ஒண்ணு. படம் போடாம கிளப்புக்கு எப்படிப் பேர் வரும்? நம்ம பக்கத்த எட்டாயிரம் பேர் பாக்கறாங்க."

"யாரு சார் அந்த எட்டாயிரம் பேரு?"

"நம்ம ஆளுங்கதான்."

"கிளப்புல நூறு குடும்பம்கூட இல்லையே சார்."

தலைவர் ஃப்ளாஷ் அண்ணனைப் பார்த்தார். ஃப்ளாஷ் அண்ணன் லென்ஸைத் துடைத்தார். "ரசிகருங்க அக்கா," என்றார். "நீச்சல் ஆர்வலர்கள்."

பின்வரிசையில் இருந்த பல் டாக்டர் எழுந்தார். அவர் மகனும் ரிலே அணியில் இருந்தான். "என் பையன் படம் வந்தா எனக்குப் பெருமைதாங்க. நம்ம குழந்தைங்க எல்லாருக்கும் சொந்தம். இங்க எல்லாரும் அங்கிள்தானே? நாம ஏன் தப்பாவே யோசிக்கணும்?"

"நான் இங்க இருக்கற அங்கிளச் சொல்லல டாக்டர். பாக்கறவங்கள்ல யாரு அங்கிள், யாரு இல்லன்னு நமக்கே தெரியாதே, அதச் சொல்றேன். என் பொண்ணு வேணாங்கறா. அவ படங்களக் கழட்டிடுங்க. மத்த புள்ளைங்ககிட்டயும் கேட்டுட்டு எடுங்க. பேரு, ஸ்கூலு, நேரம் இதெல்லாம் போடாதீங்க. அவ்வளவுதான்."

"கழட்டறதுன்னா அது டெக்னிக்கல்," என்றார் தலைவர். "செயற்குழு முடிவெடுக்கணும். அதுவும் குழந்தைங்ககிட்ட கேக்கறதா? சாப்பிடறியான்னு கேட்டாலே வேணாம்னுதான் சொல்லும்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொந்த அண்ணனா சொல்றேன். பாப்பா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். பொண்ணுங்க எல்லாம் தண்ணில இறங்கற வரைக்கும் மேல ஒரு அங்கி போட்டுக்கட்டும். நம்ம பக்கம்தான் நாம ஜாக்கிரதையா இருக்கணும், இல்லையா?"

அப்பா அவசரமாகத் தலையாட்டினார். பிரேக் பிடிக்க இடம் கிடைத்த நிம்மதி. அத்தை குளியலறை வாசலில் சொன்னதைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு என்று அம்மாவுக்குப் பட்டது.

ஆனால் தலைவர் எதையும் செய்யாமல் விடுபவர் அல்லர். அங்கேயே, அப்போதே, 'குழந்தைகள் பாதுகாப்புக் குழு' ஒன்றை அமைத்தார். தாமே அதன் தலைவர். பல் டாக்டர் செயலாளர். கைதட்டல் எழுந்தது. குழு தன் முதல் பணியாக வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை விளையாட இறங்கியிருந்த பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியேறச் சொன்னது. ஈரம் சொட்ட அவர்களை முன்னால் இரண்டு வரிசையாக நிறுத்தி, பின்னால் குழுவினர் நின்றார்கள். "பல்லு தெரியட்டும், பல்லு!" என்று கத்தினார் ஃப்ளாஷ் அண்ணன். "பாதுகாப்பான கரங்களில் நம் செல்வங்கள்" என்ற தலைப்பில் படம் அன்றே பக்கத்தில் ஏறியது. கீழே, இடமிருந்து வலமாக, எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன.

கிளம்பும்போது அம்மா திரும்பினாள். அவள் திட்டம் எதுவும் போடவில்லை. மனதில் உறுத்திய கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"ஏன் சார், காலைல நீங்க பெரியவங்க எல்லாம் நீந்தறீங்களே. உங்க படம் ஒண்ணுகூடப் பக்கத்துல இல்லையே?"

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கள யாரும்மா பாக்கப் போறாங்க!"

ஃப்ளாஷ் அண்ணன் சிரிக்கவில்லை. யோசித்தார். இத்தனை வருஷம் கிளப்பில் இருந்தும் பெரியவர்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

மறுநாள் காலை அவர் வழக்கமான தன் இடத்தில், குளத்தின் இந்தக் கோடியில் நின்றார். அந்தக் கோடியில் தலைவர் கரையேறிக்கொண்டிருந்தார். நீரில் இருக்கும்வரை உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கும். ஏணியின் முதல் படியில் கால் வைத்ததும் அந்த எடை முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வரும். அதே நொடியில், உடுத்திய துணிக்குள் புகுந்த தண்ணீர் அதைக் கீழே இழுக்கும். ஆகவே தலைவர் ஒரு கையால் ஏணியையும் மறுகையால் கால்சட்டையின் நாடாவையும் பிடித்திருந்தார். வாய் மூச்சுக்காகத் திறந்திருந்தது. லென்ஸ் தன் வேலையைச் செய்தது. மூக்கு நுனியில் தொங்கிய துளிகூடப் படத்தில் துல்லியமாக விழுந்தது. பொத்தான் ஒருமுறைதான் அழுத்தப்பட்டது. வரிசையாகப் பல படங்கள்.

ஃப்ளாஷ் அண்ணன் பாரபட்சம் அறியாதவர். பிள்ளைகளுக்குச் செய்ததையே செய்தார். எல்லாவற்றையும் ஏற்றினார். கீழே முழுப்பெயர், வயது, கடையின் பெயர், "தினமும் காலையில் இரண்டாம் வாசல் வழியாக வந்து நீந்துகிறார். இவரைப் போல் நாமும் உடலைப் பேணுவோம்!"

கடையில் வேலை செய்யும் பையன்கள் தலைவரைப் பார்த்தால் தரையைப் பார்ப்பவர்கள். அன்று தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். குளியலறை ஓடு வாங்க வந்த ஒரு பெண்மணி, "சார், நீங்கதானே அந்த ஏணில..." என்று ஆரம்பித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். படத்தின் கீழே முகம் தெரியாத ஒருவர், "மாமா இன்னும் ரெண்டு படி ஏறுங்க" என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்துக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் சிரிப்புக்குறிகள்.

படம் ஏறியது காலையில். இறங்கியது, தலைவர் ஃப்ளாஷ் அண்ணனுக்குப் போன் செய்து கத்தி முடிப்பதற்குள். டெக்னிக்கல் சிக்கல் எதுவும் எழவில்லை. செயற்குழுவும் கூடவில்லை. ஆனால் கடைப் பையன்களின் போன்களிலிருந்து அதை இறக்கத் தலைவரிடமும் வழியில்லை.

அன்று மாலை மகளின் லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்க அம்மா கிளப்புக்குப் போனாள். மகள் நீச்சலை விட்டுவிட்டதாகவே ஆகிவிட்டது. அலுவலகக் கதவுக்கு வெளியே அவள் கால்கள் நின்றன.

"யாரக் கேட்டுடா எடுத்தே?" தலைவர் குரல் உடைந்திருந்தது. "ஒரு மனுஷன் ஈரத்தோட நிக்கறப்ப... அவனுக்கே தெரியாம... ஊர்ல இருக்கறவன் போறவன் எல்லாம் பாக்கற மாதிரி..."

"சார், நல்லா வந்திருந்துச்சேன்னு..." என்றார் ஃப்ளாஷ் அண்ணன் அழாத குறையாக. "லைட்டிங் அவ்வளவு அருமையா இருந்துச்சு சார்."

"நான் தினமும் எந்த கேட்ல வருவேன்னு வேற போட்டிருக்கே! நாளைக்கு எவனாவது வந்து நின்னா?"

அம்மா உள்ளே போனாள். சாவியை மேஜையில் வைத்தாள்.

"என் பொண்ணும் இதேதான் சார் சொன்னா. கதவ உள்ள தாழ் போட்டுக்கிட்டுச் சொன்னா."

தலைவர் நிமிர்ந்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ புரிவதுபோல் இருந்தது. அந்தக் கணத்தில் வேறு யாரும் அறையில் இல்லாதிருந்தால் அது முழுதாகவே புரிந்திருக்கலாம். ஃப்ளாஷ் அண்ணன் இருந்தார். தலைவர் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அது வேறம்மா. குழந்தைங்க குழந்தைங்க. எனக்கு ஊர்ல ஒரு மரியாதை இருக்கு."

ஆனால் கிளப் விரைந்து செயல்பட்டது. இரண்டே நாளில் வாசலில் புதிய பலகை தொங்கியது. நல்ல கெட்டித் தகரம், சிவப்பு எழுத்து. "காலையில் பெரியவர்கள் நீந்தும் நேரத்தில் குளத்தின் எல்லைக்குள் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. கேமரா, போன் ஆகியவற்றை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். மீறுவோர் கிளப்பிலிருந்து நீக்கப்படுவர்." மனிதரின் மானத்தைக் காக்க இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அம்மா அதைப் படித்துவிட்டுக் காவலாளியிடம் கேட்டாள்.

"சாயங்காலம், புள்ளைங்க நேரத்துல?"

"அப்ப எடுக்கலாம்க்கா. அது விளம்பரத்துக்கு வேணும்ல."

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, "போகட்டும், ஏதோ பாதியாவது வந்துச்சே," என்றார். எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை. தவளை மட்டும் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காலைல யாருமே எடுக்க முடியாதா?"

"முடியாது."

"போன்கூட உள்ள வராதா?"

"வராது."

"அப்ப நான் காலைல போறேன்."

அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. "அது பெரியவங்க நேரம்டி."

"சின்னவங்க வரக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. மாலைப் பயிற்சி தவிர மற்ற நேரங்களில் சின்னவர்கள் பெற்றோரோடு வரவேண்டும் என்று மட்டும்தான் கிளப்பின் விதி. இதுவரை எந்தப் பிள்ளையும் அந்த நேரத்தில் எழுந்ததில்லை என்பதால், தடை எழுத யாருக்கும் தோன்றவில்லை. அம்மா பார்சல் நிலையத்தில் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். அத்தை மாடிப்படியில் நின்று, "விடியக்காலைல ஆம்பளைங்களோட..." என்று ஆரம்பித்தாள்.

"அங்கதான் அண்ணி பாதுகாப்பு. போர்டே போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அம்மா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

முதல் நாள் தலைவர் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "என்னம்மா இது?" என்றார்.

"பலகை மேல ரொம்ப நம்பிக்கை சார்," என்றாள் அம்மா, கரையோர பெஞ்சில் உட்கார்ந்தபடி. "நீங்க நாலு பேரு இருக்கீங்க, கேமரா இல்ல. இதவிடப் பாதுகாப்பு எங்க கிடைக்கும்?"

பயிற்சி மாஸ்டர் முதலில் தயங்கினார். பிறகு ரிலேயின் கடைசி ஆள் இல்லாமல் தேர்வுக்குப் போக முடியாது என்று காலையிலும் வரத் தொடங்கினார். மாஸ்டர் வந்ததால் அணியின் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். அவர்களில் பல் டாக்டரின் மகனும் ஒருவன். "எனக்கும் போட்டோ பிடிக்காது ஆன்ட்டி. அப்பா பெருமைப்படறாரேன்னுதான் நின்னேன்," என்று அவன் அம்மாவிடம் சொன்னான். பல் டாக்டர் தன் போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர்களின் தம்பி தங்கைகள். பிறகு அவர்களின் வகுப்புத் தோழர்கள்.

தலைவருக்கு நீந்த ஓரத்தில் ஒரே ஒரு தடம் மிஞ்சியது. அதிலும் இருபுறத்திலிருந்தும் பிள்ளைகளின் கால்கள் முகத்தில் தண்ணீரை அடித்தன. செயற்குழுவில் இரண்டு வழிகளை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளைக் காலையில் தடுத்தால், ஏன் என்று எழுத வேண்டும். எழுத எந்தக் காரணமும் அகப்படவில்லை. பலகையைக் கழற்றினால் பிள்ளைகள் தாமே மாலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் ஏணி இருக்கிறது. தலைவர் கண்ணை மூடினார். "பலகை இருக்கட்டும்," என்றார்.

ஒரு காலை ஃப்ளாஷ் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தோளில் கேமரா இல்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டு வந்த அம்மாவைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, சாயங்காலம் குளத்துல ஒரு புள்ள இல்ல. பக்கத்துல ஏதாவது போடணுமேன்னு நேத்து வெறும் தண்ணியப் படம் எடுத்துப் போட்டேன். நீலமா, நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லதுதானே அண்ணே."

"இதப் பாருங்க."

போனை நீட்டினார். வெற்றுக் குளத்தின் படம். அதன் கீழே, முகத்துக்குப் பதில் ஒரு பூவின் படத்தை வைத்திருந்த யாரோ எழுதியிருந்தார்கள்: 'குழந்தைகள் எங்கே? இப்போது எந்த நேரத்தில் வருகிறார்கள்?' அதற்குக் கீழே வேறொருவர்: 'எனக்கும் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே இன்னொருவர்.

"யாரு அக்கா இவங்கல்லாம்?" ஃப்ளாஷ் அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொருத்தர் பக்கமா உள்ள போயிப் பாத்தேன். ஒருத்தரும் நம்ம ஊரே இல்ல. நீச்சல் பத்தி ஒரு வரிகூட இல்ல."

உள்ளே மாஸ்டரின் விசில் ஒலித்தது. நான்கு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் பாயும் சத்தம் கேட்டது.

"என்னன்னு பதில் போடட்டும்?" என்றார் அவர்.

அம்மா தன் போனை அணைத்து, காவலாளியின் கூடையில் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள். ஃப்ளாஷ் அண்ணன் சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு அவரும் தன் போனை அதே கூடையில் வைத்தார்.